பழைய பிபிஎஸ் செய்திகளைக் கட்டளை வரியில் கையாள்வது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சிங்கப்பூரில் 1980களின் கடைசியிலும் 1990களிலும் மோடம் வைத்து பிபிஎஸ்களுக்கு டயல் செய்தவர்கள் வீட்டில், அலமாரியின் மேல்தட்டில் ஒரு ஃபிளாப்பிப் பெட்டி இன்னமும் இருக்கலாம். வீடு மாறும்போதோ, பெரியவர் ஒருவர் காலமான பிறகோ அது கீழே இறங்குகிறது. என்னிடம் கேட்க வருபவர்களில் பலர் அந்தப் பெட்டியைக் கையில் வைத்திருக்கும் பிள்ளைகள். மற்றவர்கள் இன்றும் ஆர்வத்துக்காக ஃபிடோநெட் கணு நடத்த விரும்புபவர்கள். இரு தரப்பும் ஏறக்குறைய ஒரே கேள்விகளைத்தான் கேட்கிறார்கள். அவர்கள் கேட்ட வார்த்தைகளிலேயே கேள்விகளை வைத்திருக்கிறேன்.

கட்டளைப் பெயர்களை இங்கே ஒலிப்புப்படி தமிழில் எழுதியிருக்கிறேன். திரையில் தட்டும்போது ஆங்கிலச் சிறிய எழுத்தில் தட்டுங்கள். பைட்டுகளின் மதிப்பு எல்லாம் சாதாரணத் தசம எண்களில் இருக்கிறது.

பிபிஎஸ் நெட்வொர்க் மெசேஜ்னா என்னங்க? ஈமெயில் மாதிரியா?

பிபிஎஸ் என்பது ஒருவர் தன் வீட்டுக் கணினியில் மோடம் மாட்டி, மற்றவர்கள் டயல் செய்து வந்து படிக்கவும் எழுதவும் திறந்து வைத்த இடம். ஒவ்வொன்றும் தனித்தீவாக இருந்தவற்றை 1984-ல் டாம் ஜென்னிங்ஸ் தொடங்கிய ஃபிடோநெட் இணைத்தது. கணினிகள் இரவில் ஒன்றையொன்று தொலைபேசியில் அழைத்து, சேர்ந்திருக்கும் செய்திகளை மாற்றிக்கொள்ளும். ஒருவருக்கு மட்டும் போகும் செய்தி நெட்மெயில். ஒரு தலைப்பின் கீழ் எல்லாக் கணுக்களுக்கும், அதாவது வலையில் இணைந்த பிபிஎஸ்களுக்கும், பரவும் செய்தி எக்கோமெயில். இதை 1986-ல் ஜெஃப் ரஷ் உருவாக்கினார்.

முகவரி நான்கு எண்களால் ஆனது: மண்டலம், வலை, கணு, அதன் கீழ் ஒரு பாயின்ட் (கணு வழியாகச் செய்தி பெறும் தனி ஆளின் கணினி). ஆசியா அப்போது 6-ஆம் மண்டலம், அதில் சிங்கப்பூர் வலையின் எண் 600. ஆகவே 6:600 என்று தொடங்கும் முகவரியைப் பார்த்தால் அது இங்கிருந்து போன செய்தி. அந்த மண்டலத்துக்கு என்று ஒதுக்கப்பட்ட அஞ்சல் நேரம் உலக நேரப்படி 20 முதல் 21 மணி, நமக்கு விடியற்காலை 4 முதல் 5 மணி. வீட்டில் எல்லோரும் தூங்கும்போது மோடம் கத்தியதைப் பல பிள்ளைகள் இன்னும் நினைவு வைத்திருக்கிறார்கள்.

டிஸ்க்க கம்ப்யூட்டர்ல போட்டதும் முதல்ல என்ன செய்யணும்?

போடுவதற்கு முன்பே ஒன்று செய்ய வேண்டும்: உலோக மூடியை விரலால் மெல்ல நகர்த்தி உள்ளே பாருங்கள். இந்த ஊர் ஈரப்பதத்தில் காந்தப் பரப்பில் பூஞ்சை பிடித்திருக்கலாம். வெள்ளைப் புள்ளிகளோ வட்டமான கறையோ தெரிந்தால் ஓட்டியில் செருகாதீர்கள். தலை அந்தப் பூஞ்சையைத் தேய்த்து வட்டையும் கெடுக்கும், அடுத்த வட்டுக்கும் பரப்பும். அப்படிப்பட்டதைச் சுத்தம் செய்யத் தெரிந்தவரிடம் கொடுங்கள்.

நல்ல வட்டாக இருந்தால், கோப்புகளை இழுத்துப் போடாமல் வட்டு முழுவதையும் ஒரே பிம்பக் கோப்பாக எடுங்கள். இதற்கு டிடிரெஸ்க்யூ என்ற கருவிதான் என் விருப்பம். படிக்க முடிந்த பகுதிகளை முதலில் எடுத்துவிட்டு, அடம் பிடிக்கும் பகுதிகளுக்குத் திரும்பி வரும். எங்கே நின்றது என்பதைத் தனிக் கோப்பில் எழுதி வைப்பதால் நாளைக்கும் தொடரலாம். ஒரு 1.44 எம்பி வட்டின் பிம்பம் சரியாக 14,74,560 பைட் இருக்க வேண்டும். எடுத்த கையோடு எஸ்ஹெச்ஏ256சம் கட்டளையால் அதன் கைரேகையைக் கணக்கிட்டு எழுதி வையுங்கள், அப்புறம் பிம்பத்தைப் படிக்க மட்டுமான கோப்பாக மாற்றிவிடுங்கள். பிம்பத்துக்குள் இருக்கும் டாஸ் கோப்புகளை எம்டூல்ஸ் தொகுப்பில் உள்ள எம்டிர் பட்டியலிடும், எம்காப்பி வெளியே எடுக்கும்.

இனி வரும் பதில்கள் எல்லாமே நகலின் மேல் செய்யும் வேலைகள். மூலத்தின் ஒரு பைட்டைக்கூட மாற்றாதீர்கள். இதை நான் ஏன் இவ்வளவு வலியுறுத்துகிறேன் என்பது கீழே புள்ளி பற்றிய கேள்விக்கு வரும்போது தெரியும்.

என்கிட்ட விண்டோஸ்தான் இருக்கு. லினக்ஸ் இல்லாம முடியாதா?

முடியும். விண்டோஸுக்குள் லினக்ஸ் ஓட்டும் டபிள்யூஎஸ்எல் போதும், ஆனால் வட்டுப் பிம்பம் எடுக்கும் வேலைக்கு மட்டும் அது வசதிப்படாது. யூஎஸ்பி ஓட்டி அதற்கு நேரடியாகத் தெரியாது. ஒரு யூஎஸ்பி குச்சியில் லினக்ஸை ஏற்றி அதிலிருந்து கணினியைத் தொடக்கி, பிம்பங்களை எடுத்து முடித்துவிட்டு விண்டோஸுக்குத் திரும்புங்கள்.

யூஎஸ்பி ஃபிளாப்பி ஓட்டி வேண்டுமென்றால் சிம் லிம் சதுக்கத்தில் விசாரித்துப் பாருங்கள். அது 3.5 அங்குல வட்டுக்கு மட்டும்தான். 5.25 அங்குல வட்டுக்குப் பழைய ஓட்டியும், கிரீஸ்வீசில் போன்ற இடைமுகப் பலகையும் தேவை.

ஃபைல் பேரெல்லாம் புரியல. எதுல மெசேஜ் இருக்கு, எது வேற?

பெயரின் பின்னொட்டை வைத்தே பெரும்பாலும் சொல்லிவிடலாம். எண் பெயரோடு எம்எஸ்ஜி என்று முடிந்தால் ஒரு கோப்புக்கு ஒரு செய்தி. முதல் 190 பைட் தலைப்பகுதி, மிச்சம் உரை. பிகேடி என்று முடிந்தால் அது பாக்கெட், அதாவது ஒரு கணுவிலிருந்து இன்னொன்றுக்குப் போகும் வழியில் கட்டிய தபால் பை. எஸ்க்யூடி, எஸ்க்யூஐ என்று இரண்டும் ஒரே பெயரில் இருந்தால் ஸ்குவிஷ் களஞ்சியம், அதாவது பல செய்திகளைச் சேர்த்து வைக்கும் கோப்புத் தொகுதி. ஜேஹெச்ஆர், ஜேடிடி, ஜேடிஎக்ஸ், ஜேஎல்ஆர் நான்கும் சேர்ந்திருந்தால் ஜாம் களஞ்சியம். இந்த நான்கையும் எப்போதும் சேர்த்தே நகலெடுங்கள். எம்எஸ்ஜிடிஎக்ஸ்டி.பிபிஎஸ், எம்எஸ்ஜிஹெச்டிஆர்.பிபிஎஸ் இருந்தால் ஹட்சன். அது எல்லாத் தலைப்புகளையும் ஒரே கோப்பில் போட்டது, 200 தலைப்புகளுக்கு மேல் தாங்காது, உரைக் கோப்பு 16 எம்பிக்கு மேல் வளராது.

பின்னொட்டே இல்லாத கோப்புக்கு ஃபைல் கட்டளையைக் கொடுத்துப் பாருங்கள். அதுவும் கைவிட்டால் ஸ்ட்ரிங்ஸ் கட்டளை உள்ளே இருக்கும் படிக்கத்தக்க துண்டுகளைக் காட்டும். அதில் ஆரிஜின் என்ற சொல்லுடன் ஒரு வரியும் அடைப்புக்குறிக்குள் முகவரியும் தெரிந்தால் எக்கோமெயில் கிடைத்துவிட்டது.

எம்ஓ0, டியு1னு முடியற ஃபைல எதால திறக்கிறது?

அந்த இரண்டு எழுத்தும் கிழமைகள்: எம்ஓ திங்கள், டியு செவ்வாய். ஆர்க்மெயில் முறையில் பல பாக்கெட்டுகளைச் சுருக்கிக் கட்டிய மூட்டை அது. எந்த நிரலால் சுருக்கியது என்பதைப் பெயர் சொல்லாது, முதல் சில பைட்டுகள் சொல்லும். பிகே என்ற இரண்டு எழுத்து இருந்தால் ஜிப். முதல் பைட் 26 என்றால் ஆர்க். 96, 234 என்றால் ஏஆர்ஜே. மூன்றாவது இடத்திலிருந்து ஒரு சிறுகோடும் எல்ஹெச்சும் வந்தால் எல்ஹெச்ஏ. அன்ஆர் என்ற கருவி இவற்றில் பலவற்றைத் தானாகவே கண்டுபிடித்துப் பிரிக்கும். ஒவ்வொரு மூட்டையையும் தனிக் கோப்புறையில் பிரியுங்கள். வேறு வேறு மூட்டைகளில் ஒரே பெயரில் பாக்கெட் இருந்தால் ஒன்றின் மேல் ஒன்று எழுதிவிடும்.

திறந்து பாத்தா எல்லாம் ஒரே வரியா ஓடுதே?

ஃபிடோநெட் உரையில் வரி முடிவுக்கு 13 என்ற பைட் மட்டும் வரும். லினக்ஸ் எதிர்பார்ப்பது 10. டிஆர் கட்டளைக்கு '\015' '\012' என்று இரண்டையும் கொடுத்தால், எட்டடிமானத்தில் எழுதிய 13-ஐ 10-ஆக மாற்றி வரிகளைப் பிரித்துக் கொடுக்கும். படிப்பதற்கு அதுவே போதும். மாற்றியதை மூலக் கோப்பின் மேலேயே எழுதாமல் வேறு பெயரில் சேமியுங்கள்.

வரிக்கு முன்னாடி விசித்திரமான குறி, கடைசியில சீன்-பை-னு நம்பர் நம்பரா குப்பை. அழிச்சிடலாம்ல?

வேண்டாம். படிப்பதற்கு மறைத்துக்கொள்ளுங்கள், அழிக்காதீர்கள். 1 என்ற பைட்டில் தொடங்கும் வரிகளை கிளட்ஜ் என்பார்கள். அவை மனிதருக்கு அல்ல, மென்பொருளுக்கு எழுதியவை. எம்எஸ்ஜிஐடி வரி அந்தச் செய்தியின் அடையாளம்: எழுதிய கணுவின் முகவரியும் எட்டு இலக்கத் தொடரெண்ணும். ரிப்ளை வரி எந்தச் செய்திக்குப் பதில் என்பதைச் சொல்கிறது. சிஹெச்ஆர்எஸ் வரி எழுத்துக் குறியீட்டை. பாத் வரியும் சீன்-பை வரிகளும் செய்தி எந்தெந்தக் கணு வழியாக வந்தது, யார் யாரிடம் ஏற்கெனவே போய்விட்டது என்பதை.

1990களில் சிங்கப்பூரில் எந்தக் கணு எந்தக் கணுவோடு பேசியது என்பதற்கு இன்று நம் கையில் இருக்கும் நேரடிச் சான்றுகளில் அந்த எண்களும் உண்டு. அப்பா எழுதிய நாலு வரியைவிட அதன் கீழே இருக்கும் ஆறு வரி எண்கள் இன்னொருவருக்கு முக்கியமாக இருக்கலாம். படிக்க மட்டும் ஒரு சுத்தமான பிரதி வேண்டுமென்றால், டிஆர் வரி பிரித்துக் கொடுத்த பிரதியில் கிரெப் கட்டளைக்கு மைனஸ் வி கொடுத்து 1 என்ற பைட்டில் தொடங்கும் வரிகளையும் சீன்-பை வரிகளையும் விலக்கி, தனியாக ஒன்று உருவாக்கிக்கொள்ளுங்கள். பைனரிக் கோப்பு என்று கிரெப் மறுத்தால் மைனஸ் ஏ சேருங்கள்.

பாக்கெட்டுக்குள்ள என்ன இருக்குன்னு நானே பாக்க முடியுமா, இல்ல அதுக்குன்னு சாஃப்ட்வேர் வேணுமா?

இரண்டு வழியும் உண்டு. ஃபிடோநெட் நிரல்களைத் தரும் ஹஸ்கி திட்டத்தின் ஹெச்பிடி தொகுப்போடு வரும் பிகேடிஇன்ஃபோ, பாக்கெட்டின் தலைப்பகுதியையும் உள்ளே உள்ள செய்திகளையும் காட்டும். ஆனாலும் ஒரு தடவையாவது பைட்டுகளைக் கண்ணால் பாருங்கள் என்றுதான் சொல்வேன். ஓடி கட்டளைக்கு மைனஸ் டி யு1 கொடுத்தால் ஒவ்வொரு பைட்டும் தசம எண்ணாக வரும். முதல் 58 பைட் பாக்கெட்டின் தலைப்பகுதி. பூஜ்ஜியத்திலிருந்து எண்ணினால் 18-ஆம் இடத்தில் 2, 0 என்று இருக்க வேண்டும், அதுதான் பாக்கெட் வகை. 20-ஆம் இடத்தில் அனுப்பிய வலையின் எண், சிறிய பைட் முதலில் வரும். 88, 2 என்று பார்த்தால் 88-உம் இரண்டு 256-உம் சேர்ந்து 600, அதாவது சிங்கப்பூர்.

இரண்டு இடங்களில் கவனம் வேண்டும். பாக்கெட்டில் மாதம் 0-இல் தொடங்குகிறது, 0 என்றால் ஜனவரி. 26-ஆம் இடத்திலிருந்து எட்டு பைட் கடவுச்சொல், எந்த மறைப்பும் இல்லாமல் அப்படியே இருக்கும்.

ஒவ்வொரு செய்தியும் 2, 0 என்று தொடங்கும். 14 பைட்டுக்குப் பிறகு 20 பைட்டில் தேதி, அதன் பின் பெறுநர், அனுப்புநர், பொருள். இந்த வரிசையை மனதில் வையுங்கள்: பாக்கெட்டில் பெறுநர் முதலில், எம்எஸ்ஜி கோப்பில் அனுப்புநர் முதலில். சொந்தமாக ஸ்கிரிப்ட் எழுதுபவர்கள் இங்கேதான் வழுக்கி, யார் யாருக்கு எழுதியது என்பதையே மாற்றிவிடுகிறார்கள். உரையின் முதல் வரி ஏரியா என்று தொடங்கினால் எக்கோமெயில், இல்லையென்றால் நெட்மெயில்.

சரி, இதையெல்லாம் ஒரே இடத்துல சேர்த்துப் படிக்க எது நல்லது?

பாக்கெட்டுகளைப் பிரித்து அந்தந்தத் தலைப்புக் களஞ்சியத்தில் போடும் நிரலை டாஸர் என்பார்கள். ஹெச்பிடி, கிராஷ்மெயில் இரண்டும் கட்டளை வரியில் ஓடுபவை, இரண்டும் நல்லவை. நான் ஹெச்பிடியைச் சொல்வதற்குக் காரணம் அதன் துணைக்கருவிகள். அமைப்புக் கோப்பு எழுதியதும் டிபார்சர் அதில் பிழை இருக்கிறதா என்று சரிபார்க்கும். ஹெச்பிடி டாஸ் வந்த பாக்கெட்டுகளைப் பிரிக்கும், ஹெச்பிடி ஸ்கேன் புதிதாக எழுதியவற்றை வெளியே கட்டும், ஹெச்பிடி லிங்க் கேள்வியையும் பதிலையும் கோக்கும். களஞ்சிய வடிவத்துக்கு ஜாம் தேர்ந்தெடுங்கள். 1993-ல் வந்த வடிவம், இன்றைய கருவிகள் பலவும் அதைப் படிக்கும்.

எஸ்க்யூபேக் கட்டளையிடம் மட்டும் ஜாக்கிரதை. களஞ்சியத்தை இறுக்குவது அதன் வேலை. அமைப்புக் கோப்பில் இத்தனை நாள், இத்தனை செய்தி என்று வரம்பு இருந்தால் அதற்கு மேற்பட்டதை நீக்கிவிடும். 30 வருடத்துக்கு முந்தைய செய்திகளுக்கு நாள் வரம்பு போட்டால் ஒன்றுமே மிஞ்சாது. காப்பகத் தலைப்புகளுக்கு எந்த வரம்பும் வைக்காதீர்கள்.

அப்பா எழுதினது தமிழ்தான், ஆனா கட்டமும் வெளிநாட்டு எழுத்துமா வருது. என்ன செய்ய?

முதலில் ஒன்று: 1990களின் முற்பாதிச் செய்தியாக இருந்தால் அது ஆங்கில எழுத்தில் எழுதிய தமிழாகவே இருக்க வாய்ப்பு அதிகம். அதைத் தமிழ் எழுத்துக்கு மாற்ற முயலாமல் அப்படியே வையுங்கள், அவர் எழுதியது அதுதான்.

கட்டம் வருகிறது என்றால் 8-பிட் தமிழ்க் குறியீடு ஏதோ ஒன்று. சிங்கப்பூரில் நா. கோவிந்தசாமி கணியன் என்ற தமிழ் மென்பொருளை உருவாக்கிய காலம், 1997-ல் இங்கே தமிழ்நெட் மாநாடு நடந்த காலம் அது. ஆளாளுக்கு ஒரு எழுத்துரு, எழுத்துருவுக்கு ஒரு குறியீடு. அதன் பின் டிஸ்கி என்ற பொதுக் குறியீடு பரவியது. 1999-ல் தமிழ்நாட்டு அரசு டாப், டாம் என்ற இரண்டைத் தரப்படுத்தியது. டிஸ்கியாக இருந்தால் வேலை எளிது: லினக்ஸில் உள்ள ஐகான்வ் கட்டளைக்கு டிஸ்கி தெரியும். ஐகான்வ் மைனஸ் எல் கொடுத்து உங்கள் கணினியின் பட்டியலில் இருக்கிறதா பாருங்கள். இருந்தால் மைனஸ் எஃப்புக்கு டிஸ்கி, மைனஸ் டிக்கு யூடிஎஃப்-8. டிஸ்கியில் ஒற்றைக்கொம்பும் இரட்டைக்கொம்பும் கண்ணுக்குத் தெரியும் வரிசையில் மெய்க்கு முன்னால் சேமிக்கப்படும். யூனிகோடில் மெய்க்குப் பின்னால். ஐகான்வ் இதையும் பார்த்துத் திருப்பிப் போடும், வெறும் எழுத்து மாற்று அட்டவணை எழுதினால் அது நடக்காது.

டிஸ்கி இல்லையென்றால் செய்தியோடு வந்த எழுத்துருக் கோப்பைத் தேடுங்கள். அதே பெட்டியில் டிடிஎஃப் கோப்பு ஒன்று இருந்தால் அதுவே சாவி; அந்த எழுத்துருவைப் போட்டுத் திறந்து பார்த்து அட்டவணை கட்டலாம்.

யூனிகோட்லதான் அனுப்பினேன். அந்தப் பக்கம் புள்ளி மட்டும் காணாமப் போயிடுதே, ஏன்?

தமிழில் ஃபிடோநெட் செய்தி எழுத ஆசைப்படுபவர்கள் எல்லோரும் கடைசியில் வந்து நிற்கும் கேள்வி இது. எஃப்டிஎஸ்-0001 என்ற அடிப்படை விதிமுறையில் 141 என்ற பைட்டுக்குத் தனி அர்த்தம் உண்டு: அது மென் வரித்திருப்பல். முந்தைய நிரல் வரியை மடித்த இடத்தின் அடையாளம் மட்டுமே, படிக்கும் நிரல் அதைப் புறக்கணிக்க வேண்டும் என்பது விதி. ஆகவே பழைய நிரல்கள் 141-ஐப் பார்த்த இடத்தில் தூக்கி எறிந்தன. விதிப்படிதான் செய்தன.

இப்போது தமிழைப் பாருங்கள். யூடிஎஃப்-8-இல் ஒவ்வொரு தமிழ்க் குறியும் மூன்று பைட். மெய்யெழுத்தின் மேல் வைக்கும் புள்ளி 224, 175, 141. கடைசி பைட் சரியாக அந்த 141. தமிழ்க் குறிகளில் வேறு எதற்கும் இந்த முடிவு கிடையாது, புள்ளிக்கு மட்டும்தான். வணக்கம் என்ற சொல்லை எடுத்துக்கொண்டால் ஏழு குறி, 21 பைட், அதில் இரண்டு புள்ளி. பழைய நிரல் வழியாகப் போனால் 19 பைட்டாகத்தான் வந்து சேரும். புள்ளி இல்லாத தமிழ் வரி எழுதுவதே அபூர்வம் என்பதால் ஒரு செய்திகூடத் தப்பாது.

ரஷ்யர்களுக்கும் இதே சிக்கல் இருந்தது. அவர்களின் டாஸ் குறியீட்டில் 141 என்பது நகர ஒலிக்கான பெரிய எழுத்து. அதே உருவில் இருக்கும் ஆங்கில எழுத்தை அந்த இடத்தில் தட்டிச் சமாளித்தார்கள். நமக்கு அப்படி மாற்றி வைக்க ஒத்த உருவம் எதுவும் இல்லை, ஆகவே வழியில் உள்ள நிரல்களைத்தான் சரிபார்க்க வேண்டும். சிஹெச்ஆர்எஸ் வரியில் யூடிஎஃப்-8, நிலை 4 என்று இருக்க வேண்டும். படிப்பானிலும் அமைப்பு இருக்கிறதா பாருங்கள். கோல்டெட் படிப்பானில் டிஸ்ப்சாஃப்ட்சிஆர் என்று ஒன்று உண்டு, மென் வரித்திருப்பலை விட்டுவைக்கச் சொல்வது. எல்லாம் சரி என்று தோன்றினாலும் வணக்கம் என்ற ஒரே சொல்லை அனுப்பி, அந்தப் பக்கம் சேர்ந்த பாக்கெட்டை மேலே சொன்ன ஓடி கட்டளையால் பார்த்து, 141 இருக்கிறதா என்று உறுதி செய்துகொள்ளுங்கள்.

போன புள்ளி போனதுதானா? திரும்பக் கொண்டுவரவே முடியாதா?

முழுமையாக முடியும், மூல பைட்டுகள் கையில் இருந்தால். நிரல் தூக்கியது 141-ஐ மட்டும்; முன்னால் இருந்த 224, 175 அங்கேயே அநாதையாக நிற்கின்றன. யூடிஎஃப்-8-இல் அந்த இரண்டுக்கும் பிறகு 128 முதல் 191 வரையிலான ஒரு பைட் வந்தே ஆக வேண்டும். வராத இடம் எல்லாம் புள்ளி விழுந்த இடம், வேறு எதுவாகவும் இருக்க வழியில்லை. பெர்ல் அல்லது பைத்தானில், பைட் நிலையில், 224, 175-க்குப் பிறகு அந்த வரம்பில் எதுவும் இல்லாத இடங்களில் 141-ஐச் செருகும் ஒரே வரி போதும். சில நிரல்கள் நீக்காமல் 141-க்குப் பதில் 13 அல்லது 32-ஐ வைத்துவிடும். அந்த மாதிரியையும் தேடி, செருகுவதற்குப் பதில் மாற்றுங்கள். ஒரே கோப்பில் இரண்டும் கலந்திருந்தால் ஒவ்வொரு செய்தியின் பாத் வரியைப் பார்த்துப் பிரித்து, தனித்தனியாகச் செய்யுங்கள். இல்லையென்றால் உண்மையான வரி முடிவும் சொல் இடைவெளியும் காணாமல் போகும்.

இப்போது பாருங்கள், ஒருவர் அவசரப்பட்டு அதே கோப்பை ஐகான்வ் மைனஸ் சியில் ஓட்டினால் என்ன ஆகும்? செல்லாத பைட்டுகளை விட்டுவிடு என்பது அந்தத் தெரிவின் பொருள். அநாதையாக நின்ற 224, 175-உம் போய்விடும். திரையில் சுத்தமாகத் தெரியும், பிழைச் செய்தியும் வராது, புள்ளி இருந்த தடயம் எங்கும் இருக்காது. மூலத்தை மாற்றாதீர்கள் என்று இரண்டாவது கேள்வியிலேயே சொன்னது இதற்காகத்தான். குறியீடு மாற்றும் வேலையை எப்போதும் கடைசியில் வையுங்கள்.

பேரு பாதியில வெட்டுப்பட்டு வருது. இதுவும் புள்ளிப் பிரச்சினையா?

இல்லை, இது இடப்பற்றாக்குறை. பெயருக்கு 36 பைட், பொருளுக்கு 72. இரண்டிலும் கடைசி பைட் முடிவுக்குறிக்குப் போகும். மிச்சம் 35-ஐ மூன்றால் வகுத்தால் பெயருக்குப் பதினொரு தமிழ்க் குறிதான். முத்துலட்சுமி என்ற பெயருக்குப் பதின்மூன்று குறி வேண்டும், 39 பைட். வெட்டும்போது கடைசிக் குறியின் இரண்டு பைட் ஒட்டிக்கொண்டு நிற்கும், அதனால் ஐகான்வ் பிழை காட்டி நிற்கும். தலைப்பகுதியையும் உரையையும் பிரித்து மாற்றுங்கள். புதிதாக எழுதும்போது பெயரை ஆங்கில எழுத்தில் வைத்துவிட்டு, உரையின் கீழே தமிழில் கையெழுத்திடுவது நல்லது.

க்யூடபிள்யூகேனு ஒரு ஃபைல் இருக்கு. அதுவும் பாக்கெட்டா?

அது வேறு. பிபிஎஸ்ஸிலிருந்து செய்திகளை மொத்தமாக இறக்கி, தொடர்பைத் துண்டித்துவிட்டு நிதானமாகப் படிக்க 1987-ல் மார்க் ஹெரிங் உருவாக்கிய வடிவம். உள்ளே சுருக்கிய நிலையில் மெசேஜஸ்.டாட் இருக்கும், எல்லாம் 128 பைட் துண்டுகளாக. பதில்கள் ஆர்ஈபி கோப்பில் இருக்கும். வட்டில் அது கிடைத்தால் விடாதீர்கள், வட்டின் சொந்தக்காரர் தன் கையால் எழுதி அனுப்பியவை அதில்தான். படிக்க மல்டிமெயில் போதும், கட்டளை எம்எம்.

இதில் வரி முடிவு 227 என்ற பைட். யூடிஎஃப்-8 தமிழுக்கு இதனால் ஆபத்து இல்லை, நம் குறிகள் 224-இல் தொடங்குபவை, 227 எங்கும் வராது. டிஸ்கியில் 227 ஒரு தமிழ் எழுத்தின் இடம் என்பதால் அங்கே வரி தப்பாக உடையலாம். பெயருக்கும் பொருளுக்கும் 25 பைட்தான், முந்தைய பதிலில் சொன்ன நெருக்கடி இங்கே இன்னும் அதிகம்.

பதிலோட தேதி கேள்விக்கு முன்னாடி இருக்கே. ஏதாவது கெட்டுப்போச்சா?

கெடவில்லை. தேதி எழுதியவரின் ஊர் நேரத்தில் இருக்கும், எந்த ஊர் நேரம் என்ற குறிப்பு பழைய செய்திகளில் இருக்காது. சிங்கப்பூரில் காலை 9 மணிக்குக் கேட்ட கேள்விக்கு அமெரிக்காவிலிருந்து முந்தைய நாள் இரவுத் தேதியில் பதில் வரலாம். ஆண்டும் இரண்டு இலக்கம்தான். தேதியை வைத்து வரிசைப்படுத்தாமல், முன்பு சொன்ன எம்எஸ்ஜிஐடி, ரிப்ளை வரிகளை வைத்துக் கோத்துக்கொள்ளுங்கள்.

ஒரே மெசேஜ் ரெண்டு மூணு தடவை வருதே, எதை வெச்சுக்கிறது?

எம்எஸ்ஜிஐடி ஒன்றாக இருந்தால் அதே செய்திதான். ஆனால் அந்தத் தொடரெண் மூன்று ஆண்டுகளுக்குள் திரும்ப வரக்கூடாது என்பதுதான் விதி. பத்து வருடக் குவியலில் தேதியையும் சேர்த்துப் பாருங்கள். படிக்கும் களஞ்சியத்தில் ஒன்று போதும். காப்பகத்தில் எல்லாவற்றையும் வையுங்கள். பாத் வரி வேறு வேறாக இருக்கும், ஒன்றில் புள்ளி உதிர்ந்தும் இன்னொன்றில் முழுசாகவும் இருக்கலாம்.

ஃபிடோநெட் இன்னமும் உயிரோட இருக்கா? சிங்கப்பூர்லேருந்து சேரலாமா?

இருக்கிறது. 6-ஆம் மண்டலம் 2007 ஜூலையில் கலைக்கப்பட்டு, மிஞ்சிய கணுக்கள் 3-ஆம் மண்டலத்துக்குப் போயின. தொலைபேசிக்குப் பதில் இப்போது இணையம் வழியே பிங்க்டி என்ற நிரல் பாக்கெட்டுகளைக் கொண்டுபோய்ச் சேர்க்கிறது, போர்ட் 24554. முதலில் ஒரு கணுவின் கீழ் பாயின்ட்டாகச் சேருங்கள். அதற்கு பிங்க்டி, ஹெச்பிடி, ஒரு படிப்பான் மட்டும் போதும், கணினி எந்நேரமும் ஓட வேண்டியதில்லை.

இதையெல்லாம் எல்லாரும் படிக்கிற மாதிரி வெச்சா தப்பா?

எக்கோமெயில் அன்றே பலர் படிக்க எழுதியது. நெட்மெயில் அப்படி அல்ல. அது ஒருவருக்கு ஒருவர் எழுதிய கடிதம், எழுதியவரும் பெற்றவரும் இன்னும் நம்மிடையே இருக்கலாம். அவர்களைக் கேட்காமல் வெளியே வைக்காதீர்கள். செய்தியின் பண்புக்குறிகளில் முதல் (மிகச் சிறிய மதிப்புள்ள) பிட் 1 என்றால் எழுதியவர் அதைத் தனிப்பட்டது என்று குறித்திருக்கிறார். முதல் வரியில் ஏரியா இல்லாத செய்திகளைத் தனியே பிரிப்பது, இந்தப் பிட்டைப் பார்ப்பது, இரண்டையும் ஸ்கிரிப்டிலேயே செய்யலாம்.

வெளியே கொடுக்கும் பிரதியில் பாக்கெட்டின் 26-ஆம் இடத்திலிருந்து எட்டு பைட் கடவுச்சொல்லைப் பூஜ்ஜியமாக்குங்கள். அந்தக் கால சிஸ்ஆப்கள், அதாவது பிபிஎஸ் நடத்தியவர்கள், சிலர் அதே சொல்லை இன்றும் வேறெங்கோ வைத்திருக்கக்கூடும். உரையில் வீட்டுத் தொலைபேசி எண்ணும் அடுக்குமாடி முகவரியும் எழுதுவது அப்போது சகஜம். எட்டு இலக்கம் தொடர்ந்து வரும் இடங்களையும், அந்நாளைய ஏழு இலக்க எண்களையும் கிரெப்பால் தேடி மறையுங்கள். எம்எஸ்ஜிஐடியின் எட்டு இலக்கமும் அதில் மாட்டும் என்பதால் 1-இல் தொடங்கும் வரிகளை விட்டுவிட்டுத் தேடுங்கள்.